திரையில் தெரிகிறது, டியூப் போகவில்லை

கேள்வி: தாலுகா மருத்துவமனை ஒன்றின் அவசரப் பிரிவில் டியூட்டி டாக்டராக இருக்கிறேன். மயக்க மருந்து டாக்டர் பகலில் மட்டும்தான் இருப்பார். போன மாதம் ஓர் இரவில் பூச்சிமருந்து குடித்த ஒருவரைக் கொண்டுவந்தார்கள். வயது 40, எடை 60 கிலோ இருக்கும். வாயில் நுரை, கண்மணி ஊசிமுனை அளவு, மூச்சு தடுமாறியது. மூச்சுக்குழலில் டியூப் போட, தொண்டையைக் கேமரா மூலம் திரையில் காட்டும் வீடியோ லாரிங்கோஸ்கோப் புதிதாக வந்திருந்தது, அதை எடுத்தேன். அதில் வாய்க்குள் விடும் பிளேடு அதிக வளைவுள்ளது மட்டும்தான் இருக்கிறது. முதல் முறை கேமராவை எச்சில் மூடிவிட்டது. இரண்டாம் முறை குரல்நாண் திரை நிறையத் தெரிந்தும் டியூப் உள்ளே போகவில்லை. ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவு (சாச்சுரேஷன்) 70க்கு இறங்கியது. கையால் அழுத்தி மூச்சுக் கொடுக்கும் ஆம்பு பேக்கில் ஏற்றிவிட்டு, மூன்றாம் முறை கேமரா இல்லாத பழைய மெக்கின்டாஷ் பிளேடும், டியூப்புக்கு வழிகாட்டும் மெல்லிய குச்சியான பூஜியும் வைத்துப் போட்டேன். வலது டான்சில் பக்கம் கீறி ரத்தம் வேறு. 'வீடியோவெல்லாம் வேண்டாம் சார், பழசே போதும்' என்கிறார்கள் ஸ்டாஃப். இன்னொரு கருவி வாங்க என் கருத்தையும் கேட்டிருக்கிறார்கள். எது நல்ல கருவி? நான் எங்கே தப்பு செய்தேன்?

பதில்:

அன்புள்ள டாக்டர்,

'திரை நிறையத் தெரிந்தும்' என்று எழுதியிருக்கிறீர்கள். தப்பு அங்கேதான் இருக்கிறது. அதிக வளைவுள்ள பிளேடில் குரல்நாண் திரையை அடைத்துக்கொண்டு தெரிந்தால் சந்தோஷப்படக் கூடாது. பிளேடு தேவைக்கு மேல் உள்ளே போய்விட்டது, டியூப் வர வேண்டிய இடத்தை அதுவே பிடித்துக்கொண்டது என்று அர்த்தம்.

மெக்கின்டாஷில் இந்தச் சிக்கல் வராததற்குக் காரணம் உண்டு. 1943இல் ஆக்ஸ்ஃபோர்டில் ராபர்ட் மெக்கின்டாஷ் கொடுத்த அந்த வளைவு, நம் கண்ணையும் குரல்நாணையும் ஒரே நேர்கோட்டில் கொண்டுவருவதற்கானது. நாக்கை இடப்பக்கம் ஒதுக்கி, தாடையைத் தூக்கி, கழுத்தைச் சரியாக வைத்தால்தான் அந்தக் கோடு கிடைக்கும். சிரமப்பட்டுத்தான் பார்க்க முடியும். ஆனால் பார்ப்பதற்காகச் செய்த அதே வேலை டியூப்புக்கும் பாதை போட்டுவிடுகிறது. கண் போன வழியில் டியூப் போகும்.

கனடாவின் அறுவை மருத்துவர் ஜான் பேசி 2001இல் கொண்டுவந்த கிளைட்ஸ்கோப் வகைப் பிளேடு வேறு ஜாதி. சுமார் 60 டிகிரி வளைந்து, முனைக்கருகே இருக்கும் கேமரா நாக்கின் வளைவைத் தாண்டி எட்டிப் பார்க்கிறது. நாக்கு இருந்த இடத்திலேயே இருக்கிறது, நேர்கோடு எதுவும் உருவாவதில்லை. பார்ப்பது சுலபமாகிவிட்டது, டியூப்பைக் கொண்டுசேர்ப்பது கஷ்டமாகிவிட்டது. நேராக வரும் டியூப் அந்த மூலையில் திரும்ப முடியாமல், குரல்நாணின் பின்பக்கக் குருத்தெலும்பான அரிட்டினாய்டில் முட்டி நிற்கும், அல்லது உணவுக்குழாய்ப் பக்கம் சரியும். பிளேடை ஆழமாக விட்டு முனையைத் தூக்கத் தூக்க, குரல்வளை மேல்நோக்கிச் சாய்ந்து அந்தத் திருப்பம் இன்னும் கூர்மையாகும். படம் அழகாக ஆக ஆக வழி கெட்டுப்போகும்.

ஆகவே அந்தப் பிளேடில் கை வேறு மாதிரி வேலை செய்ய வேண்டும். மெக்கின்டாஷ் பழக்கத்தில் வலது வாயோரத்தில் நுழைத்து நாக்கை ஒதுக்க வேண்டாம். நாக்கின் நடுக்கோட்டிலேயே, அண்ணத்தின் வளைவைத் தொடர்ந்து உருட்டியபடி இறக்குங்கள். பார்வையை நான்கு முறை மாற்ற வேண்டும். பிளேடு நுழையும்போது வாயைப் பாருங்கள். உள்நாக்கைத் தாண்டியதும் திரைக்கு மாறி, எபிகிளாட்டிஸை (குரல்வளை மூடியை) கண்டுபிடித்து, முனையை வேலெக்குலாவில், அதாவது அந்த மூடிக்கும் நாக்கின் அடிக்கும் நடுவே உள்ள பள்ளத்தில் வையுங்கள். டியூப்பை நுழைக்கும்போது மறுபடியும் வாய்க்கு வாருங்கள். டியூப்பின் முனை பிளேடின் முனையருகே வந்துவிட்டது என்று தெரிந்தபின்தான் மீண்டும் திரை. உங்கள் நோயாளிக்கு டான்சில் கீறியது இந்த மூன்றாம் கட்டத்தில்தான் இருக்க வேண்டும். கண் திரையில் ஒட்டிக்கொண்டிருக்கும்போது கை குருட்டாம்போக்கில் டியூப்பைத் தள்ளுகிறது. வாய்க்கும் கேமராவுக்கும் நடுவே இருக்கும் பகுதியைத் திரையும் காட்டாது, கண்ணும் பார்க்கவில்லை. வலது டான்சில் மடிப்பும் மென் அண்ணமும் கிழிவது அங்கேதான். இழுபட்டு மெலிந்து நிற்கும் அந்தத் திசுவை, உள்ளே ஸ்டைலெட் என்ற விறைப்புக் கம்பி போட்ட டியூப் துளைத்துக்கொண்டு மறுபக்கம் வந்த சம்பவங்கள் பல பதிவாகியிருக்கின்றன. தள்ளும்போது எதிர்ப்புத் தெரிந்தால் நிறுத்திவிட்டு வாயைப் பாருங்கள்.

குரல்நாண் திரையின் மேல் பாதியில், பாதித் திறப்பு மட்டும் தெரிந்தால் போதும். அதைவிட நன்றாகத் தெரிந்தால் பிளேடை ஒன்றிரண்டு செ.மீ. வெளியே இழுத்துப் படத்தைக் கொஞ்சம் கெடுத்துக்கொள்ளுங்கள். கேட்க வேடிக்கையாக இருக்கும். டியூப் தடையில்லாமல் போவதை ஒருமுறை பார்த்தால் நம்புவீர்கள்.

அடுத்து ஸ்டைலெட். என்ன ஸ்டைலெட் போட்டீர்கள் என்று கடிதத்தில் இல்லை. வார்டில் கிடக்கும் வளையக்கூடிய அலுமினிய ஸ்டைலெட்டை ஹாக்கி மட்டைபோல் வளைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அது மெக்கின்டாஷுக்குச் சரி. டியூப்பைக் கஃப் (முனைக்கருகே ஊதும் பலூன்) வரை நேராக வைத்து, அதற்குக் கீழே மட்டும் வளைக்கலாம், 35 டிகிரியைத் தாண்டக் கூடாது. அதிக வளைவுப் பிளேடுக்கு இது போதாது. பிளேடின் வளைவும் டியூப்பின் வளைவும் ஒன்றன்மேல் ஒன்று படிய வேண்டும். அந்த வளைவிலேயே வார்த்த இரும்பு ஸ்டைலெட்டைக் கருவியோடு சேர்த்தே விற்கிறார்கள். பல இடங்களில் அது பெட்டியைவிட்டு வெளியே வந்ததே இல்லை, அல்லது ஆட்டோகிளேவுக்குப் போன இடத்தில் தொலைந்திருக்கும். அது கைவசம் இல்லையென்றால், வளையும் ஸ்டைலெட்டை டியூப்புக்குள் விட்டு, பிளேடின் மேலேயே வைத்து அழுத்தி, அதே வடிவம் வரும்வரை வளைத்துக்கொள்ளுங்கள்.

டியூப்பை வலது வாயோரத்தில் படுக்கைவாட்டில் நுழைத்து, பிளேடை ஒட்டியபடியே செங்குத்தாகத் திருப்பிக்கொண்டு வாருங்கள். முனை குரல்நாணுக்கு இடையே நுழைந்ததும் நிறுத்திவிட வேண்டும். இங்கேதான் இரண்டாவது சறுக்கல். ஸ்டைலெட்டோடு தொடர்ந்து தள்ளினால், மேல்நோக்கி வளைந்திருக்கும் முனை மூச்சுக்குழலின் முன்சுவரில் குத்தி நிற்கும். அந்த இடத்தில் கட்டைவிரலால் ஸ்டைலெட்டை நான்கு செ.மீ. போலப் பின்னுக்கு எடுத்தால் முனை தளரும். அதன்பின் டியூப்பை மட்டும் தள்ளுங்கள். அப்போதும் சிக்கினால் டியூப்பைக் கடிகாரத் திசையில் 90 டிகிரி திருப்பினால் முனையின் சாய்வு மாறி வழுக்கிப் போகும். இரும்பு ஸ்டைலெட்டை முழுதாக உருவும்போது மேல்நோக்கி இழுக்காமல், அதன் வளைவைப் பின்பற்றி நோயாளியின் மார்புப் பக்கமாக இழுக்கச் சொல்லுங்கள். நேராக மேலே இழுத்தால் டியூப்பும் கூடவே வந்துவிடும்.

இனி, முதல் முறை கேமரா மூடிப்போன விஷயம். வாயில் நுரையும் வாந்தியும் இருக்கும் நோயாளிக்கு அதிக வளைவுப் பிளேடை முதல் ஆயுதமாக எடுத்ததுதான், என் கணக்கில், அன்றைய ராத்திரியின் பெரிய பிழை. அதில் திரை போய்விட்டால் எல்லாம் போயிற்று. நேராக எட்டிப் பார்க்க அந்தப் பிளேடு இடம் தராது. மெக்கின்டாஷ் வளைவிலேயே கேமரா வைத்த வீடியோ பிளேடு என்றால், திரை மூடினாலும் வாய்வழியாக நேரே பார்த்துக்கொண்டு வேலையைத் தொடரலாம். உங்கள் ஊரில் பூச்சிமருந்து கேஸ்தான் அதிகம் என்றால் வாங்க வேண்டிய பிளேடு எது என்பதற்கு இதுவே பாதி விடை.

பூச்சிமருந்துக் கேஸில் சக்ஷனைப் பிளேடுக்கு முன்னால் விட வேண்டும். வார்டுகளில் பெரும்பாலும் மெல்லிய சக்ஷன் கதீட்டர்தான் மாட்டியிருக்கும். டியூப்புக்குள் இருக்கும் சளியை எடுக்க அது சரி, வாந்திக்கும் நுரைக்கும் உதவாது. அகன்ற, விறைப்பான யாங்கர் முனையை மாட்டி, அழுத்தத்தை முழுதாகத் திறந்துவையுங்கள். சோற்றுப் பருக்கை அடைத்தால் முனையைக் கழற்றி எறிந்துவிட்டு சக்ஷன் டியூப்பின் வாயையே நேராக உள்ளே விடலாம். யாங்கர் முன்னே போக, பிளேடு அதன் பின்னால், நாக்கை ஒட்டி மேலாகவே போகட்டும். மல்லாந்து கிடப்பவருக்குத் திரவம் தொண்டையின் பின்பக்கத்தில்தான் தேங்கும், கேமரா மேலே இருந்தால் தப்பிக்கும். திரவம் ஊறிக்கொண்டே இருந்தால் யாங்கர் முனையைப் பிளேடின் இடப்பக்கமாக மாற்றி, உணவுக்குழாய் வாயில் நிறுத்திவையுங்கள். அது அங்கேயே உறிஞ்சிக்கொண்டிருக்க, வலப்பக்கம் டியூப்புக்கு இடம் கிடைக்கும். இரண்டு சக்ஷன் இருந்தால் இரண்டையும் ஓடவிடுங்கள். கேமராவில் ஆவி படிவதற்கு வேறு வைத்தியம்: கருவியை ஓரிரு நிமிடம் முன்பே ஆன் செய்யலாம், அல்லது முனையை வெதுவெதுப்பான சலைனில் முக்கித் துடைக்கலாம்.

அட்ரோபின் எவ்வளவு போட்டீர்கள் என்றும் எழுதவில்லை. அந்த நுரையை நிறுத்துவது சக்ஷன் அல்ல, அட்ரோபின். 0.6 மி.கி. ஆம்பூல் மூன்று முதல் ஐந்து வரை ஒரே தடவையில் கொடுத்து, ஐந்து நிமிடத்தில் நெஞ்சில் கரகரப்பு அடங்காவிட்டால் அதை இரட்டிப்பாக்க வேண்டும். சாச்சுரேஷன் ஏறும்வரை அட்ரோபின் போடக் கூடாது என்று ஒரு பழைய பயம் இன்னும் உலவுகிறது. அதற்காகக் காத்திருக்க வேண்டாம். நுரையீரலில் தண்ணீர் நிற்கும்போது சாச்சுரேஷன் எங்கிருந்து ஏறும்?

தசை தளர்த்தும் மருந்தில் இன்னொரு பொறி இருக்கிறது. கைப்பழக்கத்தில் ஸ்கோலின் எடுத்துவிடுவோம். அதைச் சிதைக்கும் கோலினெஸ்டரேஸ் என்சைமையே இந்த விஷம் முடக்கிவைத்திருக்கிறது. ஐந்து நிமிடத்தில் தெளிய வேண்டிய தளர்ச்சி மணிக்கணக்கில் நீளும், டியூப் போகாவிட்டால் நோயாளி தானாக மூச்சுவிடுவார் என்ற நம்பிக்கையும் அத்தோடு போய்விடும். அதற்குப் பதில் ரோக்யூரோனியம் கிலோவுக்கு 1.2 மி.கி. வீதம் போடுங்கள். உங்கள் 60 கிலோ நோயாளிக்கு 72 மி.கி. கஞ்சத்தனமாக 30, 40 என்று போட்டால் அரைகுறையாகத் தளர்ந்து, பிளேடு வைத்ததும் இருமுவார். போட்டபின் முழுதாக ஒரு நிமிடம் கடிகாரத்தைப் பார்த்துக் காத்திருங்கள். பதற்றத்தில் முப்பது விநாடியே ஒரு நிமிடம் மாதிரி இருக்கும். மயக்கத்துக்குக் கீட்டமின், ரத்த அழுத்தம் நன்றாக இருந்தால் கிலோவுக்கு ஒன்றரை மி.கி., தாழ்ந்திருந்தால் ஒன்றோ அதற்கும் குறைவோ.

சாச்சுரேஷன் 70க்கு இறங்கியது பிளேடின் குற்றம் மட்டுமல்ல. நல்ல நுரையீரலை மூன்று நிமிடம் ஆக்ஸிஜனால் நிரப்பினால் ஆறு, எட்டு நிமிடம் தாங்கும். நீர் கோத்த நுரையீரலில் அந்தச் சேமிப்பு இருக்காது. தலைப்பக்கத்தை 20 முதல் 25 டிகிரி உயர்த்துங்கள். காதுத் துளையும் மார்பெலும்பின் மேல் பள்ளமும் ஒரே மட்டத்தில் வரும்படி தலைக்குக் கீழே துணியை மடித்து வையுங்கள். நேரே பார்க்கும் பிளேடுக்கும் இதே நிலைதான் வேண்டும் என்பதால் ஒரே மெனக்கெடலில் இரண்டு லாபம். மூக்கில் கேனுலா வைத்து, மயக்கம் கொடுத்ததும் 15 லிட்டருக்கு ஏற்றி, டியூப் போகும்வரை ஓடவிடுங்கள். அதற்கு மேல் ரிசர்வாயர் பையோடு ஆம்பு மாஸ்க், மூச்சு வெளியேறியபின்னும் நுரையீரல் சுருங்காமல் வைக்கும் பீப் வால்வு இருந்தால் அதுவும். 90க்குக் கீழே தொடங்குபவருக்கு, மருந்து போட்டபின் அந்த ஒரு நிமிடமும் மூச்சே கொடுக்காமல் நிற்பது பழைய பாடம். வாயைச் சுத்தம் செய்துவிட்டு, இரண்டு கையால் மாஸ்க்கைப் பிடித்து, மார்பு லேசாக எழும் அளவுக்கு மட்டும் மெதுவாகப் பையை அழுத்தலாம். டியூப் போட முயலும்போது சாச்சுரேஷன் 93க்கு இறங்கியதுமே பிளேடை வெளியே எடுத்துவிடுங்கள். விரல் புரோப் காட்டும் எண் அரை நிமிடமாவது பழசு. அது 85 என்னும்போது உடம்பு அதைவிடக் கீழே இருக்கிறது.

மூன்றாம் முறை மெக்கின்டாஷும் பூஜியும் கை கொடுத்ததில் எனக்கு வியப்பில்லை. ஆனால் அதையும் ராசியில் விடாமல் முறையோடு செய்யலாம். பிளேடை ஒரே வீச்சில் ஆழமாக இறக்குவதுதான் அவசரப் பிரிவில் அதிகம் நடக்கும் தவறு. உணவுக்குழாயின் வாய் தெரியும், எது எது என்று புரியாது. நாக்கின் வழியே படிப்படியாக இறக்கி முதலில் எபிகிளாட்டிஸின் விளிம்பைக் கண்டுபிடியுங்கள், அதுதான் எல்லைக்கல். முனையை வேலெக்குலாவின் நடு மடிப்பில் சரியாக அழுத்தினால் எபிகிளாட்டிஸ் தானாகத் தூக்கிக்கொள்ளும். பக்கவாட்டில் அழுத்தினால் எவ்வளவு பலம் போட்டாலும் தூக்காது. தூக்கும் திசை கைப்பிடி நீண்டிருக்கும் திசையே, அதாவது எதிர்ச்சுவரும் கூரையும் சேரும் மூலை. மணிக்கட்டை மடக்கினால் மேல்பல்தான் நெம்புகோலுக்கு முட்டுக்கல் ஆகும், உடையும். பாதிதான் தெரிகிறது என்றால், உங்கள் வலது கையாலேயே கழுத்தில் தைராய்டு குருத்தெலும்பைப் பின்னும் மேலும் வலமுமாக நகர்த்திப் பாருங்கள். நன்றாகத் தெரிந்த இடத்தில் அப்படியே பிடித்துக்கொள்ளச் சொல்லி நர்ஸின் கையை வையுங்கள். யாராவது கிரைக்காய்டு அழுத்தம் (உணவுக்குழாயை மூடக் கழுத்துக் குருத்தெலும்பை அழுத்துவது) கொடுத்துக்கொண்டிருந்து பார்வை மறைந்தால் கையை எடுக்கச் சொல்லத் தயங்க வேண்டாம்.

பூஜியைக் கடைசிப் புகலிடமாக வைத்திருக்காதீர்கள். குரல்நாணின் பின்விளிம்போ எபிகிளாட்டிஸ் மட்டுமோ தெரியும் கேஸில் அதுதான் முதல் தேர்வு. வளைந்த முனை மேல்நோக்கி, எபிகிளாட்டிஸின் அடியை உரசிக்கொண்டு போகட்டும். மூச்சுக்குழலின் வளையங்களில் டக் டக் என்று இடறுவது விரலுக்குத் தெரியும். 25 செ.மீ. அளவு போனதும் நிறுத்திவிடுங்கள். முட்டுகிறதா என்று சோதிக்க அழுத்தித் தள்ளினால் மூச்சுக்கிளையைக் காயப்படுத்தும். டியூப்பை அதன்மேல் ஏற்றும்போது பிளேடை எடுத்துவிடுவது எல்லோரும் செய்யும் தவறு. பிளேடு அங்கேயே இருக்க வேண்டும். டியூப் வலது அரிட்டினாய்டில் மாட்டினால் ஒரு செ.மீ. பின்னிழுத்து, இம்முறை எதிர்க்கடிகாரத் திசையில் 90 டிகிரி திருப்பி ஏற்றுங்கள். திரும்பும் திசை மேலே சொன்னதற்கு நேர் எதிர் என்பதைக் கவனியுங்கள். அங்கே முட்டுவது முன்சுவர், இங்கே முட்டுவது பின்பக்கம்.

எபிகிளாட்டிஸ்கூடத் தெரியவில்லை என்றால் பூஜியைக் கண்ணை மூடிக்கொண்டு குத்த வேண்டாம். பிளேடையோ தலையின் நிலையையோ மாற்றுங்கள். அதே பிளேடில், அதே நிலையில், அதே ஆள் மறுபடி முயல்வது முயற்சி ஆகாது. மூன்று முறைதான் எல்லை என்கிறது அகில இந்திய கடின சுவாசப்பாதை சங்கத்தின் 2016 வழிகாட்டி. ஒவ்வொரு முறைக்கும் நடுவே மாஸ்க்கில் சாச்சுரேஷனை 95க்கு ஏற்ற வேண்டும் என்கிறது. பூச்சிமருந்துக் கேஸில் 95 வராமலும் போகலாம், எட்டக்கூடிய உச்சத்துக்கு ஏற்றுங்கள். மூன்றும் தோற்றால் குரல்வளைக்கு மேலே உட்காரும் ஐ-ஜெல் மாதிரிக் கருவி ஒன்றை வைத்து ஆக்ஸிஜன் கொடுங்கள். அதுவும் மாஸ்க்கும் கைவிட்டால் கழுத்தின் முன்பக்கத்தைக் கீறி மூச்சுக்குழலுக்கு வழி எடுப்பதுதான்: 10ஆம் நம்பர் பிளேடு, பூஜி, 6 சைஸ் கஃப் டியூப். இந்த மூன்றையும் ஒரே உறையில் போட்டு டிராலியின் பக்கவாட்டில் ஒட்டிவையுங்கள். தேடும் நேரம் இருக்காது.

டியூப் உள்ளே போனதை எப்படி உறுதிசெய்தீர்கள் என்பதும் கடிதத்தில் இல்லை. இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். குரல்நாணுக்கு நடுவே போனதைத் திரையில் பார்த்தேன் என்பது உறுதி ஆகாது. பார்த்த மறுகணம், ஸ்டைலெட்டை உருவும்போதும் பிளாஸ்டர் ஒட்டும்போதும் டியூப் நழுவும். மார்பு எழுவதும், டியூப்பில் ஆவி படிவதும், ஸ்டெத்தில் சத்தம் கேட்பதும் உணவுக்குழாயில் இருக்கும் டியூப்பிலும் நடக்கக்கூடியவை. வெளிவிடும் மூச்சை அளக்கும் கேப்னோகிராஃபில் கார்பன் டை ஆக்ஸைடு அலை குறைந்தது ஏழு மூச்சுக்குத் தொடர்ந்து, 7.5 மி.மீ. மெர்க்குரிக்குக் குறையாமல் வர வேண்டும். கோடு தட்டையாக இருந்தால், வேறு விதமாக நிரூபிக்கும்வரை டியூப் உணவுக்குழாயில் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். இதயம் நின்றவருக்குக்கூட, மார்பை ஒழுங்காக அழுத்திக்கொண்டிருந்தால் சிறிய அலையாவது வரும். ஸ்டெத் எதற்கு என்றால் ஆழத்துக்கு. பல்வரிசையில் ஆணுக்கு 23, பெண்ணுக்கு 21 செ.மீ. என்பது பொதுக்கணக்கு, குள்ளமானவர்களுக்கு அதிலும் குறையும். கூடுதலாகத் தள்ளினால் வலது மூச்சுக்கிளைக்குள் போய் இடது பக்கம் அடங்கிவிடும். கஃப் அழுத்தம் 20 முதல் 30 செ.மீ. தண்ணீர் அளவு. மானோமீட்டரில் பாருங்கள், வெளியே தொங்கும் பைலட் பலூனை விரலால் அமுக்கிப் பார்ப்பது கணக்கில் வராது.

எது வாங்குவது என்ற கேள்விக்கு வருவோம். 'பழசே போதும்' என்பதில் எனக்கு உடன்பாடில்லை. 2023இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று, அவசரப் பிரிவுகளிலும் ஐசியூக்களிலும் 1,417 பேரிடம் இரண்டையும் ஒப்பிட்டது. முதல் முயற்சியிலேயே டியூப் போனது வீடியோவில் 85.1 சதவீதம், நேரே பார்க்கும் பிளேடில் 70.8 சதவீதம். இது சின்ன வித்தியாசமில்லை. உங்கள் கையில் வீடியோ தோற்றதற்குக் காரணம், உங்களிடம் கொடுத்தது அந்த ராத்திரிக்குப் பொருந்தாத ஒரே ஒரு பிளேடு.

ஒரே கைப்பிடியில் இரண்டு வகைப் பிளேடும் மாட்டக்கூடிய கருவியைக் கேளுங்கள். அன்றாட வேலைக்கு மெக்கின்டாஷ் வளைவு வீடியோ பிளேடு, 3ஆம் நம்பரும் 4ஆம் நம்பரும். கழுத்தை அசைக்கக் கூடாத விபத்துக் கேஸ், உள்வாங்கிய தாடை, முன்பக்கம் ஏறிய குரல்வளை, இவற்றுக்கு அதிக வளைவுப் பிளேடு. அங்கே அது உண்மையிலேயே உயிர் காக்கும், தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வாய் மூன்று செ.மீ.கூடத் திறக்காதவருக்கு இரண்டுமே சிரமம். அப்படிப்பட்டவருக்கு மருந்து போட்டுத் தளர்த்தும் முன்பே போன் செய்து ஆளை வரவழைக்க வேண்டும். டியூப்புக்குக் குழல் வைத்த சேனல் பிளேடுகளும் வருகின்றன. ஸ்டைலெட் தேவைப்படாது, ஆனால் பிளேடே டியூப்பைத் திசை காட்டுவதால், படம் நடுவில் வராவிட்டால் டியூப்பைத் தனியாக நகர்த்த வழியில்லை. உங்கள் பிரிவுக்கு அதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். கைக்குழந்தைகளுக்கு மில்லர் நேர்ப் பிளேடு 0, 1 இருக்கிறதா என்று பார்த்துவையுங்கள். எபிகிளாட்டிஸ் நீண்டு தொங்கும் வயதில் அதை நேராகவே தூக்கிப் பிடிப்பது சுலபம்.

விலைப்பட்டியலை மட்டும் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். ஒருமுறைப் பிளேடா, கழுவிப் பயன்படுத்தும் பிளேடா? ஒருமுறைப் பிளேடு என்றால் மாதம் எத்தனை கேஸ், அத்தனை பிளேடுக்கும் தொடர்ந்து பணம் வருமா? பணம் வராத இடத்தில் அதையே கழுவிக் கழுவிப் போடுவார்கள். கேமரா முன்னால் இருக்கும் பிளாஸ்டிக்கில் கீறல் விழுந்து, ஆறு மாதத்தில் படம் பனிமூட்டமாகிவிடும், அது தொற்றுக்கும் வழி. கழுவும் பிளேடு என்றால் எந்தத் திரவத்தில் எத்தனை நிமிடம் ஊற வேண்டும் என்பதை ஸ்டாஃபுக்கு எழுத்தில் வாங்கிக் கொடுங்கள். பேட்டரியைக் கழற்றி மாற்ற முடியுமா, கரண்ட் போன இரவில் எவ்வளவு நேரம் ஓடும், அந்த வளைவுக்கான ஸ்டைலெட் எத்தனை தருவார்கள் என்று டெமோ காட்ட வருபவரிடம் கேளுங்கள். பொம்மையில் காட்டினால் அதன் வாயில் அரை டம்ளர் சோப்புத் தண்ணீரை ஊற்றிவிட்டுக் காட்டச் சொல்லுங்கள். அப்போது தெரியும் சங்கதி.

பழைய மெக்கின்டாஷ் செட்டும் டிராலியில் இருக்கட்டும். டியூட்டி மாறும்போது ஒவ்வொரு பிளேடையும் மாட்டி விரித்துப் பாருங்கள். வெளிச்சம் மஞ்சளாக இருந்தால் பேட்டரி. ஆட்டினால் விட்டுவிட்டு எரிந்தால் பல்பு தளர்ந்திருக்கிறது, அது கழன்று மூச்சுக்குழலுக்குள் விழும் சாத்தியமும் உண்டு. பச்சை வளையம் போட்ட ஃபைபர் பிளேடு பழைய கைப்பிடியில் எரியாது. இரண்டு வகையும் ஒரே டிரேயில் கலந்து கிடந்தால் நடுராத்திரியில் 'லைட் எரியல சார்' என்ற குரல் கேட்கும்.

கேப்னோகிராஃப் உங்கள் பிரிவில் இல்லையென்றால், இண்டெண்டில் (கொள்முதல் கோரிக்கையில்) வீடியோ லாரிங்கோஸ்கோப்புக்கு மேல் வரியில் அதை எழுதுங்கள். ஒன்றுக்குத்தான் பணம் என்று மேலிடத்தில் சொன்னால், மெக்கின்டாஷையும் பூஜியையும் வைத்துக்கொண்டு கேப்னோகிராஃபையே வாங்குங்கள்.